முதல் கெடாமல் ஒரு கொடை

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். களக்காட்டுப் பக்கம் ஊர், பிழைப்பு சென்னையில். ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இன்னும் பத்து வருடம் தாங்குமா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் திரட்டி வங்கியில் போட்டுவிட்டால் வட்டியிலேயே இரண்டும் நடந்துவிடாதா, அரசு உதவி வாங்க வழி உண்டா, அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். "அண்ணாச்சி, முப்பது வருடம் கோயில் வரிக்கணக்கு எழுதியவர் நீங்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். கணக்கு எழுதியவன் கொஞ்சம் இழுத்துத்தான் பேசுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் கிடக்கிறது.

அம்பாசமுத்திரத்தில் எரிச்சாவுடையார் கோயில் பார்த்திருப்பீர்கள். அங்கே 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணனின் கல்வெட்டு ஒன்று உண்டு. ராஜா அப்போது தொண்டை நாட்டு அரைசூரில் தங்கியிருக்கிறான். அங்கிருந்தபடியே இந்தக் கோயிலுக்கு 290 காசு கொடுக்கிறான். பணம் கோயில் பெட்டிக்குப் போகவில்லை. இளங்கோக்குடிச் சபையாரின் கையில் போகிறது. முதலைத் தொடக்கூடாது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் பொலிசை, அதாவது வட்டி. ஆக 580 கலம் நெல்லைச் சபையார் அளக்க வேண்டும், அதில் சாமிக்கு அமுதுபடி நடக்க வேண்டும். முதல் கெடாமல் பொலிசை மட்டும் கொள்வது என்ற இந்த ஏற்பாடு அந்தக் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். விளக்குக்கு ஆடு விடுவதும் இதே கணக்குதான். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். ஆடு சாகாதா, மூப்படையாதா என்றால், செத்ததற்கு ஈடாகக் குட்டி வந்துகொண்டே இருப்பதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது. இடையர் ஆட்டை வைத்துக்கொண்டு நெய்யை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது பொலிசையை எதில் கேட்டான் என்பதை. நெல்லாகக் கேட்டான். காசாகக் கேட்டிருந்தால் விலைவாசி ஏற ஏற சாமியின் சோறு சுருங்கிப்போயிருக்கும். நெல்லுக்கு அந்தப் பயம் இல்லை. அன்றைக்கு இரண்டு கலம் என்றால் நூறு வருடம் கழித்தும் அதே இரண்டு கலம். உங்கள் 10 லட்சம் ரூபாய்க்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது; அந்தக் கணக்குக்குப் பின்னால் வருகிறேன்.

அந்தக் கல்வெட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் எதுவும் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் எங்கள் ஊர் மாடன் கோயிலில் நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததும் இதையேதான். கொடை முடிந்து எட்டாம் நாள் பூசை அன்று கணக்கு முடிப்போம். வரவு, செலவு, மீதம் என்று சத்தமாக வாசிப்பேன். மீதத்தை அப்படியே பீடத்துக்கு முன்னால் ஒரு வாழையிலையில் வைப்பார்கள். "யாருக்கு வேணும்?" என்று தர்மகர்த்தா கேட்பார். விதைநெல் வாங்க ஒருவர், மாடு பிடிக்க ஒருவர், மகள் வளைகாப்புக்கு ஒருவர் என்று கை நீளும். ஆயிரம், இரண்டாயிரம் என்று பிரித்துக் கொடுப்போம். அடுத்த கொடைக்குக் கால்நாட்டு வைப்பதற்கு முந்தின நாள் முதலும் வட்டியும் அதே இலைக்கு வந்துவிட வேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. மாடன் பணத்தை ஏமாற்றிவிட்டு யார் இந்தப் பக்கம் ராத்திரியில் சைக்கிளில் போவது?

ஒரே ஒரு தடவை ஒருவரால் கட்ட முடியவில்லை. மழை பொய்த்த வருடம். அவர் எங்களிடம் வந்து சாக்குச் சொல்லவில்லை. வீட்டிலிருந்த பித்தளை அண்டாவைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்து பீடத்தின் முன் இறக்கிவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார். அந்த அண்டா கோயில் பாத்திரம் ஆனது. கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் வாடகைக்குப் போய்வந்தது. அவர் வாங்கிய கடனைப் போல் எத்தனையோ மடங்கை அந்த அண்டா சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. இன்றைக்கும் கொடையன்று சாமக்கஞ்சி அதில்தான் காய்கிறது. விளிம்பில் அவருடைய அப்பாவின் இனிஷியல் இருக்கிறது, யாரும் அழிக்கவில்லை.

இது ஒரு வழி. புளியமரக் குத்தகை, குளத்து மீன் குத்தகை, கோயில் பெயரில் கிடக்கும் நாலு மரக்கால் விதைப்பாடு என்று சின்னச் சின்ன வழிகள் வேறு உண்டு. ஆனால் முதுகெலும்பு எது என்று கேட்டால் வரிதான். தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. எங்கள் ஊரில் தாலியறுத்த பெண் குடும்பம் நடத்தினால் அரை வரி. பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே தொகை. இருப்பவன் அதற்கு மேல் கொடுக்க நினைத்தால் அது நன்கொடை, அதற்குத் தனி ரசீது, நோட்டீஸில் பெயர், டியூப்லைட்டில் 'உபயம்' என்று வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து, எல்லாம் உண்டு. ஆனால் வரி நோட்டில் மட்டும் எல்லாப் பெயருக்கும் எதிரே ஒரே எண்.

வரி பிரிக்கப் போகும் சாயங்காலத்தைச் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேர் போவோம். வாசலில் நின்று "கோயில் வரி" என்றால் போதும். உள்ளே பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் அம்மா எழுந்திருக்காமலே "அவுக இல்ல, வெள்ளிக்கிழமை வாங்க" என்பாள். வெள்ளிக்கிழமை போனால் பாதிதான் இருக்கும். பாதிக்கு ரசீது போட மாட்டோம். பென்சிலில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். மீதி வந்ததும் புள்ளியின் மேல் பேனாவால் தொகையை எழுதுவேன். கொடைக்கு முந்தின இரவு நோட்டில் ஒரு பென்சில் புள்ளிகூட இருக்கக்கூடாது என்பதில் என்னைவிட அந்த வீடுகளுக்குத்தான் அவசரம். ஏனென்றால் வரி கொடுத்தவனுக்குத்தான் படைப்புச் சோற்றில் பங்கு, கூட்டத்தில் பேச்சு. கொடுக்காமல் விட்டால் "இந்த ஊர்க்காரன்" என்ற சொல்லிலிருந்து கொஞ்சம் கழன்று போவான். பம்பாயில் மளிகைக்கடை வைத்திருப்பவர்கள் இருபது வருடம் ஊருக்கு வராவிட்டாலும் வரியை மட்டும் தவறாமல் அனுப்பியதற்குப் பக்தி ஒரு காரணம். பெயர் நோட்டில் இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நான் சொல்ல வந்ததே இதுதான், தம்பி. வில்லுப்பாட்டை ரசித்து யாரும் வில்லுப்பாட்டைக் காப்பாற்றவில்லை. ரசித்தவர்கள் உண்டு, விடிய விடியக் கண் விழித்துக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் பணம் ரசனையிலிருந்து வரவில்லை, கடமையிலிருந்து வந்தது. கடமைக்குப் பின்னால் உரிமை இருந்தது. 'கொடை' என்று விழாவுக்கே பெயர் வைத்திருக்கிறோம், பாருங்கள். வேறு எந்த ஊரில் திருவிழாவுக்குக் 'கொடுப்பது' என்று பெயர்?

இன்னொன்றையும் கவனியுங்கள். வரித்தொகையை ஒவ்வொரு கொடைக்கும் புதிதாக நிர்ணயிக்கிறோம். முதலில் என்ன செலவு ஆகும் என்று பார்க்கிறோம்: வில்லுக்கு இவ்வளவு, கணியானுக்கு இவ்வளவு, நையாண்டி மேளம் ஒரு செட், பந்தல், பூ, கிடா, பூசாரிக்கு. கூட்டித் தலைக்கட்டால் வகுக்கிறோம். ஒரு பேச்சுக்கு 240 தலைக்கட்டு, தலைக்கு 2,500 என்றால் 6 லட்சம். வில்லுக்காரர் கூலி ஏறினால் அடுத்த முறை 2,800. அவ்வளவுதான். விலைவாசி எவ்வளவு ஏறினாலும் வரி கூடவே ஏறும். வரகுணன் நெல்லில் செய்ததை ஊர் தலை எண்ணிக்கையில் செய்தது. முதலீடு பணமாக எங்கும் இல்லை; 240 குடும்பம்தான் முதல்.

இப்போது உங்கள் 10 லட்சம். 7 சதவீத வட்டி என்று வைத்தால் வருடம் 70,000. இன்றைக்கு அது பயன்படும் தொகைதான். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் எல்லா விலையும் இரட்டிப்பாகும், இருபத்துநாலு வருடத்தில் நாலு மடங்காகும். அன்றைக்கும் உங்கள் வட்டி அதே 70,000. அதை வைத்து இன்றைய 17,500 ரூபாய்ச் சாமான் வாங்கலாம். அறநிலையத் துறையின் ஒருகால பூஜைத் திட்டத்தில் வருமானமில்லாத கோயில்களுக்கு வைப்புநிதி போட்டு வட்டியில் பூசை நடத்துகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் கோயிலுக்கு 1 லட்சம் என்று இருந்த தொகையை 2 லட்சமாக உயர்த்த வேண்டி வந்தது. காரணம் இந்தக் கணக்குத்தான். அரசாங்கத்தால் உயர்த்த முடியும். உங்கள் நண்பர்களுக்குப் பிறகு யார் உயர்த்துவார்கள்?

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. வங்கி வட்டியில் வில்லு நடக்கிறது என்று தெரிந்த அடுத்த கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, "வில்லுக்குத்தான் சென்னைக்காரர்கள் பணம் வருகிறதே, வரியில் எதற்கு அதைச் சேர்க்க வேண்டும்?" என்பார். நியாயமான கேள்வியாகத்தான் தெரியும். வரியிலிருந்து வில்லு வெளியே போய்விடும். அன்று முதல் அது ஊருடைய வில்லு ஆகாது, உங்களுடைய வில்லு. ஏதோ ஒரு வருடம் உங்கள் வட்டி போதாமல் போனால், திரும்ப வரிக்குள் கொண்டுவர யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

அடுத்து, எது நிற்கும், எது போகும் என்று பார்ப்போம். ஒரே வரியில் நடந்தாலும் எல்லாக் கலைக்கும் ஒரே ஆயுள் இல்லை. எங்கள் கொடையில் கரகாட்டம் இருந்தது, போய்விட்டது. அந்த இடத்தை ஆர்கெஸ்ட்ரா பிடித்தது, பிறகு ஆடல் பாடல். வில்லு போகவில்லை. ஏன்? கரகாட்டம் பார்ப்பவர்களுக்காக நடந்தது. பார்ப்பவர்களுக்கு வேறொன்று பிடித்ததும் மாறிவிட்டது. வில்லு நடப்பது மாடனுக்காக. சாமக்கொடையில் மாடனின் கதையைப் பாடி, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டை ஏற்றி, உடுக்கு விரைய விரையத்தான் சாமியாடும் கோமரத்தாடிக்கு உடம்பு நடுங்கும். ஆர்கெஸ்ட்ரா எவ்வளவு சத்தமாகப் பாடினாலும் சாமி வராது. இளவட்டப் பையன்கள் ஒரு முறை ஒலிபெருக்கியில் பழைய வில்லுப்பாட்டு ஒலிநாடாவைப் போட்டுப் பார்த்தார்கள். கோமரத்தாடி கச்சையைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். கடைசியில் "ஆளைக் கூட்டிட்டு வாங்கடா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

கணியான் கூத்தும் அப்படித்தான். தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பெண் வேடமிட்ட இருவர் ஆட, உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடப் பறையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதை ஒரு கலையாக யாரும் ரசிக்கலாம். ஆனால் நடுச்சாமத்தில் கணியான் கையைக் கீறி இரத்தம் கொடுக்கிறாரே, அந்தச் சடங்கை வேறு யாரும் செய்ய முடியாது. அதனால் கணியான் இல்லாமல் பல மாடன் கோயில்களில் கொடையே கழிக்க முடியாது. கலையைக் காப்பாற்றுவது அந்தச் சடங்கு. அதே சடங்குதான் அந்தக் குடும்பத்துப் பையன்களை ஓடவும் வைக்கிறது. பெண் வேடம் போட்டால் ஊரில் கேலி, கையில் தழும்பு, பட்டியல் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைச்சல். கல்லூரிக்குப் போன பையன் மகுடத்தைத் தொடவில்லை என்றால் எனக்கு வருத்தம் உண்டு, குறை சொல்ல மனமில்லை.

கலைஞர் பக்கத்துக் கணக்கை எழுதும்போதுதான் இந்த ஏற்பாட்டின் ஓட்டை தெரியும். கொடைக்காலம் என்பது பங்குனி, சித்திரை, வைகாசி, பிறகு ஆடி, ஆவணி. அதிலும் செவ்வாயும் வெள்ளியும்தான் கொடை. எல்லா ஊரும் அதே நாளைக் கேட்கும். நல்ல வில்லுச் செட்டுக்கு ஒரே வெள்ளிக்கிழமைக்கு நாலு ஊர் வெற்றிலைபாக்கோடு வந்து நிற்கும். மார்கழியில் ஒருவரும் வர மாட்டார்கள். ஐந்து மாதம் கண் விழித்துச் சம்பாதித்ததில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். குடம் அடிப்பவர் மீதி மாதங்களில் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போவார், ஜால்ரா போடுபவர் தையல்கடையில் பொத்தான் தைப்பார். பேசிய கூலியை ஐந்தாறு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும், வேன் வாடகை போக. அதனால்தான் பாட்டின் நடுவே அன்பளிப்பு. பத்து ரூபாய் நீட்டினாலும் புலவர் கதையை நிறுத்தி, கொடுத்தவர் பெயரைச் சொல்லி, அவர் பெண்டு பிள்ளை மாடு கன்று எல்லாம் வாழ ஒரு அடி பாடிவிட்டுத்தான் மறுபடி கதைக்குள் போவார். படித்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள், கதை அறுந்துபோகிறதாம். அந்த அறுப்பில்தான் அவர் வீட்டு அரிசி இருக்கிறது.

2020இல் பங்குனி பிறந்து பத்து நாளில் ஊரடங்கு. வாங்கிய அச்சாரத்தைச் சிலர் திருப்பிக் கொடுத்தார்கள், சிலருக்கு அதற்கும் வழியில்லை. அடுத்த ஆண்டு சித்திரையில் மறுபடி கோயில்களை அடைத்தார்கள். இரண்டு வருடக் கொடைக்காலம் கைவிட்டுப் போனது. பல ஊர்களில் வரியே பிரிக்கவில்லை. கொடையில்லாத வருடம் வில்லுக்காரர் என்ன சாப்பிடுவார் என்ற கேள்விக்கு எங்கள் வரிநோட்டில் பத்தியே கிடையாது. கொடை நடந்தால் கடமை, நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. வரியை இவ்வளவு புகழ்ந்த நானே இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்த இடத்தில்தான் அரசாங்கம் வருகிறது, வரவும் வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007இல் தனி நல வாரியம் வந்தது. அதில் உறுப்பினராகப் பதிந்துகொண்டால் பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், ஈமச்சடங்கு ஆகியவற்றுக்கு உதவி உண்டு. நலிந்த நிலையிலுள்ள வயதான கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் கிடைக்கிறது. தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம் நிகழ்ச்சிகளுக்கு அழைக்கிறது. எல்லாம் சரி. ஆனால் விண்ணப்பம் எழுதவும், புகைப்படம் ஒட்டவும், சான்று வாங்கவும் ஆள் வேண்டும். விடிய விடிய இரண்டாயிரம் அடியை மனதிலிருந்து பாடுகிறவர் ஒரு படிவத்தின் முன்னால் திணறி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: உங்கள் ஊர்க் கொடைக்கென்று அரசு பணம் தரும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊருக்குப் பாட வரும் ஆறு பேரில் எத்தனை பேர் வாரியத்தில் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டு, பதியாதவர்களைப் பதியவைக்க ஒரு பையனை ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் 10 லட்சத்தில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலன் தரும் வேலை அதுதான்.

மேடை நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. விழாக்களில் வில்லுக்குப் பதினைந்து நிமிடம் கொடுப்பார்கள். குடும்பக் கட்டுப்பாடு முதல் தேர்தல் வாக்குப்பதிவு வரை எதற்கும் வில்லைக் கூப்பிடுவார்கள். கூலி கிடைக்கிறது, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பணம் எந்த உருவத்தில் வருகிறதோ கலை அந்த உருவத்துக்குச் சுருங்கும். பதினைந்து நிமிடத்துக்கே பழகிய செட்டை நான் ஒரு முறை கொடைக்குக் கூப்பிட்டுவிட்டேன். காப்புப் பாடி, குருவணக்கம் சொல்லி, மாடன் கயிலையில் பிறந்து, இரண்டு மணிக்குள் கதை முடிந்துவிட்டது. விடிய இன்னும் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் சினிமாப் பாட்டு மெட்டில் ஊர்ப் பெரியவர்களை வாழ்த்தித் தள்ளினார்கள். கதையை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் கொடையால்தான் இருக்கிறார்கள். நா. வானமாமலை போன்றவர்கள் கதைப்பாடல்களை அச்சேற்றிவிட்டார்கள். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை பலவற்றைப் பதிவு செய்திருக்கிறது. அது பெரிய காரியம். பாடத் தெரிந்த ஆளை அது உண்டாக்காது, அவ்வளவுதான்.

யாரும் திட்டம் போடாமலே ஒரு விழா வளர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் குலசேகரன்பட்டினம் போய்ப் பாருங்கள். இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986க்கு முன் நம் திருநெல்வேலி மாவட்டம்தான். முத்தாரம்மன் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர் மாலை போட்டு, விரதம் இருந்து, காளியாகவோ குறவனாகவோ குரங்காகவோ வேடம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை பிரிக்கிறார். சொந்தக் காரில் வருகிறவரும் தட்டை நீட்டித்தான் ஆக வேண்டும். பிரித்தது அம்மன் உண்டியலுக்குப் போகும். ஊர் ஊருக்குத் தசராக் குழு, குழுவுக்கு ஒரு மேளம், ஒரு கரகம். கொடைக்காலம் முடிந்து சும்மா கிடந்த புரட்டாசி மாதத்தில் மேளக்காரர்களுக்கு இதனால் பத்து நாள் பிழைப்பு வந்தது. எங்கள் கொடையிலிருந்து துரத்தப்பட்ட கரகாட்டத்துக்கு அங்கே இடம் கிடைத்தது. சடைமுடி, கிரீடம், தகரக் கைகள் செய்து விற்பவர்களுக்குத் தனித் தொழிலே உண்டாகிவிட்டது. அங்கேயும் கொடுப்பவர் கொடுப்பது ஐந்து, பத்துதான். கலைக்காகக் கொடுக்கிறோம் என்று ஒருவருக்கும் நினைப்பில்லை. வாசலில் காளி நிற்கிறாள், போடுகிறோம்.

கிறிஸ்தவ ஊர்களுக்கு அறுப்பின் பண்டிகை ஏலம் இருக்கிறது. காணிக்கையாக வந்த ஒரு வாழைத்தாரை ஏலம் விடுவார்கள். கடையில் அதன் விலை என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அதைப்போல் இருபது மடங்குக்கு ஒருவர் எடுப்பார். எடுத்ததைத் திரும்ப ஆலயத்துக்கே கொடுத்துவிட, அதே தார் மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரு தார் மூன்று முறை விலைபோனதை நானே பார்த்திருக்கிறேன். அசனம் என்கிற பொதுவிருந்துச் சோற்றுக்கு அரிசி, ஆடு என்று ஆளாளுக்குப் பொறுப்பெடுப்பதும் இதே வகைதான். பொட்டல்புதூர் தர்காக் கந்தூரிக்கு நேர்ச்சை கொண்டுபோகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. பெயர்தான் மாறுகிறது, வரி, மண்டகப்படி, கட்டளை, ஏலம், நேர்ச்சை. எல்லாவற்றிலும் கொடுப்பவனுக்கு ஓர் இடம் இருக்கிறது.

அந்த இடத்தைப் பற்றி ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் என் கணக்கு பொய்க்கணக்கு ஆகிவிடும். வரி வாங்குவது என்றால் பங்காளி என்று ஒத்துக்கொள்வது. ஆகவே, யாரைப் பங்காளியாக ஏற்க மனமில்லையோ அவர்களிடம் வரி வாங்க மறுப்பது நம் சீமையில் பழைய தந்திரம். "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று தேன் தடவிச் சொல்வார்கள். ஒடுக்கப்பட்ட தெருக்காரர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களிடமும் வரி வாங்குங்கள் என்று கேட்டு, அது தகராறாகி, தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் வரை போன கொடைகள் பல. வரி கொடுக்கக் கேட்டுப் போராடுகிற மனிதர்களை வேறு எங்காவது கண்டிருக்கிறீர்களா? மகுடம் அடிக்கவும் பந்தல் போடவும் கூப்பிட்டவர்களின் பெயரை நோட்டில் எழுத மறுத்த ஊர்கள் உண்டு. எங்கள் ஊரிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. அந்த வருடங்களின் நோட்டும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. இப்போது எழுதுகிறோம். எழுதிய பிறகு தலைக்கட்டு கூடியது, ஆளுக்கு விழும் வரி குறைந்தது. இதை யாரும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

சரி, உங்கள் 10 லட்சத்தை என்ன செய்வது? நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். வில்லுக்கும் கணியானுக்கும் பேசும் கூலியைத் தொடவே மாட்டேன். அது வரியிலேயே இருக்கட்டும். நீங்களும் உங்கள் நண்பர்களும் சென்னையில் இருந்தாலும் ஆளுக்கு ஒரு தலைக்கட்டாகப் பெயர் எழுதி வரி கொடுங்கள், நன்கொடையாக வேண்டாம். பணத்தில் ஒரு பகுதியை வரியால் செய்ய முடியாத காரியங்களுக்கு வையுங்கள். கொடைக்காலம் இல்லாத மாதங்களில் கலைஞர்களுக்கு வட்டியில்லாத கைமாற்று கொடுங்கள், அடுத்த கொடைக்கூலியில் கழித்துக்கொள்ளலாம். மகுடத்துக்குப் புதுத்தோல் போடவும் வில்லுக்கு மணி மாற்றவும் செலவு உண்டு. கூலி பேசும்போது யாரும் அதைக் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். அண்ணாவியோடு உட்கார்ந்து பின்பாட்டுப் பாட வரும் பையனுக்குக் கொடைக்குக் கொடை ஒரு தொகை, நேராக அவன் கையில். இன்றைக்கு அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாப்பாடும் பஸ் காசும்தான். நாலு கொடைக்கு மேல் அவன் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பணத்தை டிரஸ்ட் பதிந்து பூட்டிவைப்பதா, ஊர்க்கூட்டத்தில் ஒப்படைப்பதா என்று கேட்டால், பாதிப் பாதி என்பேன். ஊர் கையில் கொடுப்பதில் நஷ்டம் வரலாம். என் அனுபவத்தில் ஒரு அண்டா வந்தது. கூட்டம் கூடி ஒரு வருடம் வாய்ச்சண்டை நடந்தாலும் பரவாயில்லை. யார் கையெழுத்துப் போடுவது, எந்த நாளில் கணக்கு வாசிப்பது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி வைத்து வாசிக்க வேண்டும். கணக்கனை நம்பாதீர்கள், நான் கணக்கனாக இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

கடைசியாக, கடிதத்தின் அடியில் அடுத்த கொடை சித்திரை மூன்றாம் வெள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். வில்லுக்கு யாரைப் பேசியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. தை பிறந்துவிட்டால் சித்திரை வெள்ளி எதுவும் காலியாக இருக்காது. இந்த வாரமே ஆள் அனுப்பி, வெற்றிலைபாக்கில் அச்சாரம் வைத்துவிடுங்கள். கணியானுக்கும் சேர்த்து.